இந்தத் தைப்பூசமா, அடுத்த தைப்பூசமா: ஓர் ஆற்றுச்செடிக்குப் பெயர் வைக்கும் கணக்கு

என் மேசையில் ஒரு கயா போத்தல் இருக்கிறது, ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாம் வருமே, அந்தப் போத்தல். உள்ளே இருப்பது கயா அல்ல, 70 விழுக்காடு ஆல்கஹால். அதில் இரண்டு பூக்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். அடியில் சின்னக் குடம் போல ஓர் உப்பல், அதன்மேல் உறிஞ்சுகுழல் தடிமனில் ஒரு தண்டு, உச்சியில் அரைச் சுற்று முறுக்கிய ஒரு நாக்கு. கொண்டுவந்த அன்று அந்த நாக்கு மங்குஸ்தீன் தோல் நிறத்தில் இருந்தது. இன்றைக்கு ஆறிப்போன தேத்தண்ணி நிறம். ஆல்கஹால் உருவத்தைக் காக்கும், நிறத்தைக் குடித்துவிடும்.

கொண்டுவந்தவள் பினாங்கில் முதுகலை ஆய்வு செய்யும் மாணவி. அவள் அம்மா வயது எனக்கு, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் பட்டம் வாங்கிய தாவரவியலாளர் இல்லை. 26 வருடம் ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் காய்ந்த செடிகளை அட்டையில் தைத்தும் ஒட்டியும் வேலை பார்த்தவள். பெயர் தெரிந்த செடி, பெயர் தப்பான செடி, பெயரே இல்லாமல் முப்பது வருடம் அலமாரியில் கிடந்த செடி எல்லாம் என் கைவழியாகப் போயிருக்கின்றன. அதனால்தான் என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, இது புது இனம்தான்னு எனக்குத் தோணுது. இப்பவே எழுதி அனுப்பிடட்டுமா, இல்ல இன்னும் ஒரு வருசம் பொறுக்கணுமா?"

அவள் முன்னால் இருந்த வழிகள் நான்கு. கையில் இருக்கும் இரண்டு பூவை வைத்து இப்போதே புது இனமாக எழுதுவது. மரபணுச் சோதனை செய்து அதோடு சேர்த்து எழுதுவது. அடுத்த பூக்கும் காலம் வரை பொறுப்பது. எதுவும் வேண்டாம் என்று, தெரிந்த இனம் ஒன்றின் பெயரைப் போட்டு "அதைப் போன்றது" என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டு விடுவது. நான்காவதைப் பற்றி ஒரு வரி போதும்: அப்படி "போன்றது" என்று எழுதி வைத்த அட்டைகளைத்தான் நான் 26 வருடம் தூசி தட்டினேன்.

மற்ற மூன்றையும் எடைபோடுமுன் செடியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இது கிரிப்டோகோரைன் பேரினம். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு "கிரிப்ட்" என்றால் தெரியும். சேம்பு, கருணைக்கிழங்கு இவற்றின் சொந்தம். கிரேக்கத்தில் இதன் பெயருக்கு ஒளிந்த கதை என்று பொருள். பீமன் தூக்குவானே, அந்தக் கதை. பூக்கள் தாங்கும் கதிர் குடத்துக்குள் மறைந்திருப்பதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டிலும் இந்தக் குடும்பத்தார் உண்டு. நாட்டு அதிவிடயம் என்று நாட்டு மருந்தில் சொல்லும் கிழங்கு, கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் என்ற செடியுடையது. நம் ஊர்க்காரச் செடிதான், வெள்ளைக்காரன் தொட்டியில் பார்த்துவிட்டு அந்நியம் என்று நினைக்கிறோம்.

மாணவி கண்டுபிடித்தது பாறை ஆற்றுச் செடி. தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும் இடத்தில், இரண்டு பாறைக்கு நடுவே சிக்கிய சரளையில் வேரைப் பின்னிக்கொண்டு நிற்கிறது. இலையைப் பிடுங்கினால் இலை கிழியும், செடி வராது. வருடத்தில் முக்கால்வாசி நாள் மூழ்கியே கிடக்கும். மலேசியாவின் வடமேற்குப் பக்கத்தில் தை, மாசியில் மழை ஓய்ந்து ஆறு இளைக்கும்போதுதான் பூக்கும். பினாங்குக்காரர்களுக்கு எளிதாகச் சொன்னால், தண்ணீர்மலைக்குக் காவடி போகும் சமயம். தைப்பூசம் முடிந்து சாலையோரத்தில் உடைத்த தேங்காய் ஓட்டைக் கூட்டி அள்ளுகிற வாரத்தில் இவள் ஆற்றுக்குள் இறங்கினாள். இரண்டே பூ கிடைத்தது. மூன்றாம் நாள் மேலே மழை, ஆறு ஏறிவிட்டது.

சரி, முதல் வழி. இப்போதே எழுதுவது.

சட்டப்படி தடை ஏதும் இல்லை. தாவரப் பெயர்களுக்கென்று உலகப் பொது விதித்தொகுப்பு ஒன்று உண்டு. அது கேட்பது கொஞ்சம்தான். முறையான இரட்டைப் பெயர். விவரிப்போ, நெருங்கிய இனத்திலிருந்து இது எதில் மாறுபடுகிறது என்ற குறிப்போ, ஏதாவது ஒன்று. பெயருக்குச் சாட்சியாக நிற்கும், ஹோலோடைப் என்கிற முதன்மை மாதிரி ஒன்று, அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்ற தகவலோடு. 1958 முதல் மாதிரி சுட்டாத பெயர் செல்லாது. முன்பெல்லாம் விவரிப்பை இலத்தீனில் எழுதியாக வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் போதும். அதே நாளிலிருந்து, அச்சாகாமல் மின்னிதழில் மட்டும் வந்தாலும் பெயர் செல்லும். தமிழிலோ மலாயிலோ விவரித்தால் செல்லாது என்பது எனக்கு இன்றுவரை ஒரு சின்ன எரிச்சல். ஆனால் பெயரின் இரண்டாம் சொல்லை எந்த மொழியிலிருந்தும் எடுக்கலாம். அதை மாணவியிடம் சொன்னபோது கண் மின்னியது. அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

அவள் சொன்ன காரணங்கள் வேறு. உதவித்தொகை அடுத்த வருட நடுவில் முடிகிறது. இன்னொன்று இதைவிட வலுவானது: ஆற்றுக்கு மேலே சரிவில் டுரியான் நடுவதற்காக மண்ணை வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் செம்மண் தண்ணீர் இறங்கும், சரளை மூடும், இந்த மாதிரிச் செடிக்கு அது கழுத்தை நெரிப்பது போல. பெயர் இல்லாத செடிக்காக யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறாள். அது நிஜம்தான். பெயர் இருந்தால்தான் அருகிவரும் இனப் பட்டியலில் ஏறும், பட்டியலில் ஏறினால்தான் ஒரு கூட்டத்திலாவது அதைப் பற்றிப் பேச்சு வரும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் நான் முதல் வழிக்குத் தலையாட்டவில்லை. காரணம் அந்தப் போத்தலிலேயே இருக்கிறது.

இந்தப் பூ இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில் வாசனை விட்டுச் சின்ன ஈக்களை இழுக்கும். ஈ குழல் வழியாகக் குடத்துக்குள் விழும். உள்ளே கதிரின் அடியில் வளையமாகப் பெண் பூக்கள், மேலே குச்சி நுனியில் கொத்தாக ஆண் பூக்கள். அந்த நேரத்தில் பெண் பூக்கள் மட்டும் தயார். ஈ எங்கிருந்தாவது மகரந்தம் கொண்டுவந்திருந்தால் அது அங்கே ஒட்டும். அதன் பிறகுதான் ஆண் பூக்கள் மகரந்தத்தை வெளியே தள்ளும், ஈ அதைப் பூசிக்கொண்டு தப்பித்துப் போகும். எங்கள் போத்தலில் உள்ள இரண்டுமே முதல் கட்டப் பூக்கள். சவரக்கத்தியால் ஒன்றின் குடத்தை நெடுக்காகப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தோம். ஆண் பூக்கள் அழகாக அடுக்கியிருந்தன, ஒன்றுகூட வெடிக்கவில்லை. முற்றிய மகரந்தம் இல்லை.

அதனால் என்ன என்று அவளும் கேட்டாள். இந்தப் பேரினத்தில் அதுதான் எல்லாமே. கிரிப்டோகோரைன் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் முதல் இயக்குநரான ரிட்லி, மலாய்த் தீபகற்பத்துச் செடி ஒன்றுக்குக் கிரிப்டோகோரைன் பர்பூரியா என்று பெயர் வைத்தார். சாமானியர் இல்லை, 1888 முதல் 1911 வரை அந்தப் பூங்காவை நடத்தியவர், மலாயாவின் செடிகளைக் கரைத்துக் குடித்தவர். அப்படிப்பட்டவர் தனி இனம் என்று எழுதியதை, கார்டாட்டா, கிரிஃபித்தி என்ற இரண்டு கிரிப்டோகோரைன் இனங்கள் கலந்து பிறந்த கலப்பு என்று பிற்காலத்தில் முடிவுகட்டினார்கள். இப்போது அந்தப் பெயருக்கு நடுவில், கலப்பு என்பதற்கு அடையாளமாக, ஒரு பெருக்கல் குறி நிற்கிறது. அதற்குமுன் அதே செடி மீன்தொட்டிக் கடைகளில் கிரிஃபித்தி என்ற பெயரில் விற்றது தனிக் கூத்து. சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் கிடைத்த செடியும் கலப்பாகத்தான் பெயர் பெற்றது.

எங்கள் செடியைப் பாருங்கள். நாக்கின் முறுக்கு, கிரிப்டோகோரைன் அஃபினிஸை நினைவூட்டுகிறது. அது தீபகற்பத்தின் ஆறுகளில் இருக்கும் இனம். நாக்கு கிட்டத்தட்டக் கறுப்பாக, நன்றாக முறுக்கிக்கொண்டு இருக்கும். ஆனால் இதில் முறுக்கு பாதிதான். நிறமும் அவ்வளவு கறுப்பில்லை, தொண்டை வாயில் பாகற்காய்த் தோல் மாதிரி சொரசொரப்பு வேறு. இதே ஆற்றில் இரண்டு கிலோமீட்டர் கீழே வேறோர் இனம் வளர்கிறது, அதன் நாக்கு சொரசொரப்பு. பாதி அங்கே, பாதி இங்கே. புது இனத்துக்கும் இந்த அடையாளம் பொருந்தும், கலப்புக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

"ஆனா அக்கா, அங்க நூத்துக்கணக்குல நிக்குது. கலப்புன்னா ஒண்ணு ரெண்டுதானே இருக்கும்?" இந்த வாதத்தை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். இந்தச் செடி மண்ணுக்குள் ஓடுதண்டு விட்டுப் பரவும். விதையே போடாத ஒற்றைக் கலப்புச் செடி, நாற்பது ஐம்பது வருடத்தில் ஆற்றின் ஒரு வளைவையே நிரப்பிவிடும். நூறு செடி என்று நாம் எண்ணுவது ஒரே செடியின் நூறு தலைகளாக இருக்கலாம். இருபது செடி அளந்தேன் என்று கட்டுரையில் எழுதுவதும், ஒரே ஆளை இருபது முறை அளந்துவிட்டு ஊர்க்கணக்கு எடுத்தேன் என்பதும் ஒன்றாகிவிடும்.

இதைத் தீர்க்க மகரந்தம் வேண்டும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு காட்டன் ப்ளூ சாயம், அதில் மகரந்தத்தைத் தட்டி, மூடி, சற்று நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். உயிர்ப்புள்ள மணிகள் உருண்டையாக, பால்பாயின்ட் மை போல நீலமாகும். வெற்று மணிகள் சுருங்கி, நிறமேறாமல் கண்ணாடிச் சில்லு மாதிரி கிடக்கும். பெரும்பாலும் வெற்றாக இருந்தால் கலப்பென்று சந்தேகிக்கலாம். பெரும்பாலும் நீலமாக இருந்தால் தனி இனம் என்ற வாதத்துக்கு முதுகெலும்பு கிடைக்கும். அதுவும் முழுத் தீர்ப்பு இல்லை. கூடவே காய் பிடித்திருக்கிறதா, விதை முளைக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் பெருமளவு தீரும். செலவு சில ரிங்கிட். தேவைப்படுவது முற்றிய பூ ஒன்று. அது எங்களிடம் இல்லை.

இனி இரண்டாவது வழி, மரபணு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் உச்ச நீதிமன்றம். சிலிக்கா ஜெல்லில் காயவைத்த இலை இருக்கிறது, அனுப்பினால் சில வாரத்தில் விடை என்றாள். எதைப் படிக்கச் சொல்லி அனுப்புகிறாய் என்று கேட்டேன். பசுங்கணிகத்தின், அதாவது இலைக்குள் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பின், மரபணுப் பகுதிகள் இரண்டு, வழக்கமாக எல்லோரும் அனுப்புவது. அங்கேதான் வலை. பெரும்பாலான பூக்கும் செடிகளில் பசுங்கணிகத்தின் மரபணு தாய்வழி மட்டுமே வரும். கலப்புச் செடியை அனுப்பினால் தாயின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும், அப்பன் யார் என்று சொல்லாது. உயிரணுவின் உட்கருவிலிருந்து வரும் பகுதியையும் சேர்த்துப் படித்தால் இருவர் சாயலும் ஒன்றாகத் தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் ஒப்பிட, கீழே இருக்கும் இனத்தின் இலையும் அஃபினிஸின் இலையும் அதே முறையில் படித்திருக்க வேண்டும். அவளிடம் ஒப்பீட்டு இலை ஒன்றுகூட இல்லை. குரோமோசோம் எண்ணலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. தீபகற்பத்துக் கிரிப்டோகோரைன் இனங்கள் பலவற்றுக்கும் 34தான். பெற்றோர் இருவருக்கும் 34 என்றால் பிள்ளைக்கும் 34தான், அதில் ஒன்றும் பிடிபடாது.

ஆக, மரபணு வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. பூவுக்குப் பதிலாக மரபணு என்று வைக்காதே, பூவோடு மரபணு என்று வை. அதற்கும் மறுபடி ஆற்றுக்குப் போகத்தான் வேண்டும்.

மூன்றாவது வழிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தோம், பொறுப்பது. சும்மா பொறுப்பது அல்ல. அதற்குள்ளேயே இன்னொரு ஒப்பீடு இருக்கிறது: ஆற்றில் பூக்கும்வரை காத்திருப்பதா, வீட்டில் சட்டியில் வளர்த்துப் பூக்கவைப்பதா? ஐரோப்பாவில் இந்தச் செடியை வளர்ப்பவர்கள் தண்ணீருக்கு வெளியே, இலைமக்கில், ஈரப்பதம் மூடிய பெட்டியில் வைத்துப் பூக்கவைக்கிறார்கள். வளர்ப்புச் செடியிலிருந்து முதன்மை மாதிரி எடுப்பதையும் விதி அனுமதிக்கிறது. சாதகம், பூ முற்றும்வரை தினமும் பார்க்கலாம், ஆறு ஏறிவிடும் என்ற பயமில்லை. பாதகம், சட்டியில் வளர்ந்தது இலை அளவிலும் குழல் நீளத்திலும் ஆற்றுச்செடியிலிருந்து மாறும். ஆழத்தில் நிற்கும் செடி தண்ணீருக்கு மேல் எட்டிப்பார்க்கக் குழலை நீட்டும், சட்டியில் அது குட்டையாகவே நின்றுவிடும். அதை அளந்து எழுதினால் ஆற்றில் யாரும் அதை அடையாளம் காண மாட்டார்கள்.

எனவே இரண்டும் செய்கிறோம். மகரந்தத்துக்குச் சட்டி, அளவுக்கும் மாதிரிக்கும் ஆறு. முறையான அனுமதி வாங்கி அவள் எடுத்துவந்த மூன்று செடிகள் என் வீட்டுப் பின்புறம் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கின்றன. அடியில் தண்ணீர் நிற்கும் பெட்டி என்பதால் ஏடிஸ் கொசுப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அபராதம் எழுதிவிடுவார்களோ என்று கெப்பி மீன் நாலு விட்டிருக்கிறேன். அனுமதி என்றேனே, அதை ஒரு வரியில் தாண்டக் கூடாது. உயிரியல் வளங்களைப் பெறுவது குறித்த மலேசியாவின் 795-ஆம் சட்டம் 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. மாநில வனத்துறை அனுமதியும் தனியாக வேண்டும். கட்டுரை அனுப்பும் நாளில் அந்த எண்ணைத் தேடுவதைவிட ஆற்றில் இறங்குமுன் வாங்கி வைப்பது உடம்புக்கு நல்லது.

மாதிரி எடுக்கும் விதத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு களப்பயணக் குழு இதே பேரினத்துப் பூக்களை நேரடியாகச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி அனுப்பியது. கட்டைப் பிரித்தபோது பூ இருந்த இடத்தில் வெற்றிலை எச்சில் மாதிரி ஒரு கறை. குடம் எது, குழல் எது என்று தெரியவில்லை. ஆல்கஹாலில் ஒரு பூ போட்டிருந்தால் அது பெயர் பெற்றிருக்கும். அதனால் இந்த முறை என் நிபந்தனை: ஒரு செடிக்கு ஒரு பூ அழுத்துவதற்கு, ஒரு பூ போத்தலுக்கு. இலை சிலிக்காவுக்கு. நிறத்துக்கு, பறிக்குமுன் அளவுகோலோடு படம். ஒரே பாறையில் எல்லாம் எடுக்காமல், ஆற்றின் வெவ்வேறு வளைவில் எடுக்க வேண்டும். ஒரே செடியின் தலைகளா, தனிச் செடிகளா என்ற கேள்விக்கு அதுவே பாதி விடை.

முதன்மை மாதிரியை எங்கே வைப்பது? இங்கே பினாங்கிலா, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்திலா, சிங்கப்பூரிலா? அவளுக்கு ஊர்ப்பாசம், பினாங்கிலேயே இருக்கட்டும் என்றாள். எனக்கும் பாசம் இல்லாமலா? சார்ல்ஸ் கர்ட்டிஸ் தண்ணீர்மலை அருவிப் பக்கம் 1884-இல் பூங்கா போட்ட காலத்திலிருந்து, இங்கே பறித்த செடிகளைப் பார்க்கச் சிங்கப்பூருக்கும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கும்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் நான் கெப்போங் என்றேன். ஒரு காப்பகத்தில் குளிர்சாதனம் பழுதாகி, பழுது பார்ப்பதற்குள் சிகரெட் வண்டு அட்டை அட்டையாகத் துளைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வண்டைக் கொல்லும் உறைபெட்டியில் இடம் இல்லாமல் மிச்சத்தைப் பகுதி பகுதியாக வைத்து எடுத்தோம். முதன்மை மாதிரி என்பது உலகத்தில் ஒன்றே ஒன்று. அது பெரிய இடத்தில், ஆள் அதிகம் உள்ள இடத்தில் இருக்கட்டும். அதே நாளில், அதே செடியிலிருந்து எடுத்த படிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகட்டும்.

எந்த இதழ் என்பதில் அவள் அதிக நேரம் செலவிட்டாள், எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஃபைட்டோகீஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோரும் படிக்கத் திறந்து வைக்கும். ஃபைட்டோடாக்ஸாவில் கட்டணம் கட்டாமலும் போடலாம், படிக்கிறவர் சந்தா கட்ட வேண்டும். கார்டன்ஸ் புல்லட்டின் சிங்கப்பூர் இரு பக்கமும் காசு கேட்காது. நம் வட்டாரச் செடி, நம் வட்டார இதழ். எனக்கு இது போதும்.

இடத்தைச் சொல்வதா மறைப்பதா என்பதுதான் கடைசியில் காரசாரமாகப் போனது. அறிவியல் என்றால் ஒளிவுமறைவு கூடாது என்றாள். வியட்நாமில் 2010-இல் பெயரிட்ட பாஃபியோபெடிலம் கான்ஹி என்ற சிறு ஆர்க்கிட், விவரிப்பு வந்த கொஞ்ச காலத்திலேயே சேகரிப்பவர்களால் காட்டிலிருந்து அள்ளப்பட்டதைச் சொன்னேன். போர்னியோவின் பாறை ஆறுகளில் வளரும் புசெஃபலாண்ட்ராவும் மீன்தொட்டிக்காக மூட்டை மூட்டையாகப் பிடுங்கப்பட்டது. மங்குஸ்தீன் நிற நாக்குள்ள புதுக் கிரிப்டோகோரைன் என்றால் விலை பேச ஆள் வரும். கட்டுரையில் மாநிலமும் மாவட்டமும் போதும், துல்லிய ஆள்கூறுகள் காப்பகத்தின் உள்பதிவில் இருக்கட்டும், ஆராய்ச்சியாளர் கேட்டால் கொடுக்கட்டும். விதி அதற்கு இடம் தருகிறது. நான் இங்கே ஆற்றின் பெயரைச் சொல்லாததும் அதனால்தான்.

டுரியான் சரிவுக்கு என்ன பதில்? அதற்குப் பெயர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. "பெயரிடப்படாத கிரிப்டோகோரைன், இன்ன இடம், இத்தனை திட்டு, மேலே மண் வெட்டு" என்று படங்களோடு மாநில வனத்துறைக்கு இந்த மாதமே அறிக்கை எழுதச் சொன்னேன். எழுதினாள். ஆய்வேட்டிலும் அப்படியே எண் போட்டுத்தான் எழுதுகிறாள். மனதில் வைத்திருக்கும் பெயரை ஆய்வேட்டிலோ மாநாட்டுச் சுவரொட்டியிலோ போட்டுவிட்டால், விவரிப்பு இல்லாத வெற்றுப் பெயராக அது ஊரெல்லாம் சுற்றும். பிறகு மீன்தொட்டிக் கடைக்காரர் அதையே எழுதி ஒட்டிவிடுவார். என்னிடம்கூட அந்தப் பெயரைச் சொல்லாதே என்றேன். முகம் சுருங்கியது.

மகரந்தம் வெற்றாக இருந்தால்? அப்போதும் வேலை வீணில்லை, பெருக்கல் குறியோடு கலப்பினப் பெயராக எழுதலாம், அதற்கும் இதே விதிகள்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் எல்லாவற்றுக்கும் இன அளவில் ஒரே பெயர்தான். அந்த இரண்டு பெற்றோருக்கும் பிறந்த பிள்ளைக்கு யாராவது ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால், நாம் வைப்பது செல்லாக்காசு.

சட்டியில் இருக்கும் மூன்றில் ஒன்று போன வாரம் புது இலை விட்டிருக்கிறது. பூ இல்லை. மாணவி அடுத்த தைப்பூசத்தைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து, அதன் மறுநாளிலிருந்து பத்து நாளைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறாள். நான் போத்தலுக்குள் இருந்த சீட்டைப் புதிதாக எழுதிப் போட்டேன், பென்சிலால். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அவள் சேகரிப்பு எண், தேதி, "முதல் கட்டப் பூ, மகரந்தம் முற்றவில்லை". இனப்பெயர் எழுதும் வரி காலி. போத்தலின் வெளியே மட்டும் கயா என்ற அச்சுத்தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது, சுரண்டினாலும் வரவில்லை. பேரன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அலமாரி உச்சிக்கு ஏற்றிவிடுகிறேன்.